சின்னசாமி மேஸ்திரியின் சிரிப்பு

வெற்றிலையோடு வார்த்தையையும் சேர்த்து மென்றுகொண்டுதான் சின்னசாமி மேஸ்திரி சுரங்கத்திலிருந்து மேலே வருவார். சுரங்க வேலையை மேற்பார்க்கும் கேப்டன் துரை அன்றைக்கு ஏதாவது புதுப் பேச்சு பேசியிருப்பார். அதை எதிரில் வருகிறவரை நிறுத்திச் சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. ஆபீஸ் குமாஸ்தாவான நானும் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேஸ்திரி வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தச் சுரங்கத்தில் உளி பிடிக்க வந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. துரைமார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பிடிபட்டு, துரைமார் பேச்சை ஆட்களுக்குத் தமிழில் சொல்லும் துபாஷி ஆகிவிட்டார். புத்தக இங்கிலீஷ் என்றால் இளக்காரம். "அத்த எவன் வேணா படிப்பான் ஐயா. துரைங்க தமாஷா பேசிக்கிறாங்களே, அதான் இங்கிலீஷு" என்பார். புளுகு என்று தெரிந்தால் "ஆல் மை ஐ!" குடித்துவிட்டு ஆடுகிறவன் "ட்ரங்க் அஸ் எ லார்டு". "லார்டுன்னா பிரபு ஐயா. அவங்க ஊர்ல குடிச்சா பிரபு, நம்மூர்ல குடிச்சா ஒதை!" சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைக் கண்டாலும் "ஆல் மை ஐ"தான். "இன்னாய்யா, கத்திரிக்கா கிட்டயுமா இங்கிலீஷு?" என்று மனைவி சம்பங்கி தலையில் அடித்துக்கொள்வாள்.

துரைகள் பேசிச் சிரித்தால் இவரும் சிரிப்பார். புரிந்தது என்று காட்ட அதைவிட நல்ல வழி ஏது? மற்ற ஆட்கள் திருதிருவென்று விழிக்க, தான் மட்டும் சிரிப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கேப்டனும் வேடிக்கை ஏதாவது சொல்லிவிட்டு இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

போன மாசியில் கீழே பாறை சரிந்து கோவிந்தன் அகப்பட்டுக்கொண்டான். மேலே, தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் அவன் மனைவி கங்கம்மா கூழ்ச் சட்டியோடு நின்றாள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் கீழேயிருந்து வந்த கேப்டன் இன்னொரு துரையிடம், "ஹாப்ட் த ட்விக்" என்றார். குருவி கொப்பை விட்டுத் தாவிவிட்டதாம். மண்டையைப் போட்டான் என்கிறோமே, அதுதான். துரைகள் லேசாகச் சிரித்தார்கள். சின்னசாமிக்கு அந்தப் பேச்சு முன்பே தெரியும். தெரிந்த சந்தோஷத்தில் அவரும் பல் தெரியச் சிரித்துவிட்டார்.

கங்கம்மா அதைப் பார்த்தாள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தாள்.

"நீ சிரிச்சத பாத்தேண்ணா! அப்பத்தான் எனக்கு உசுரே வந்திச்சி. நல்லாத்தான கீறாரு? கூழு ஆறிப்போறதுக்குள்ள குடுத்துடுண்ணா."

அத்தனை பேச்சு தெரிந்த மனிதர் அவள் நீட்டிய சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். விஷயத்தை அவளிடம் வேறு யாரோதான் சொன்னார்கள்.

"எம் மூஞ்சியப் பாத்துத்தான ஐயா அவ நம்புனா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.  

கங்கம்மா இப்போது சுரங்கத்துக்கு மேலே தாதுக்கல் பொறுக்கும் வேலை செய்கிறாள். இவரை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். அவளைக் கண்டால் இவர் சுற்றுவழியில் போகிறார்.

முந்தாநாள் கேப்டன் ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டு வழக்கம்போல இவரைப் பார்த்தார். சற்றுத் தள்ளிக் கங்கம்மா குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் துபாஷி வேலை போய்விடும், மறுபடி கீழே போய் உளிதான் பிடிக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல.

"நோ ஹியர், சார். வேட்டுச் சத்தம்... நோ ஹியர்" என்று சொல்லி, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு நின்றார்.