வெர்னா டைக்ஸ்ட்ரா வீட்டைக் காலி செய்கிறார்

வெர்னா இழுப்பறையைத் திறந்து பார்ப்பதோடு விடமாட்டார். அதை முழுசாக உருவி, மெத்தையின் மேல் கவிழ்த்து, அடிப்பலகையில் விரல் ஓட்டுவார். ஒட்டுநாடா போட்டு ஏதாவது ஒளித்துவைத்திருப்பார்கள். கோட்டு என்றால் எல்லாப் பைகளுக்குள்ளும் கை போகும். புத்தகம் என்றால் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவார். அப்படி இதுவரை விழுந்தவற்றில் நான் கண்ணால் பார்த்தவை: இரண்டு பல்செட், ஒரு வங்கிப் பெட்டகச் சாவி, தபால்தலை ஒட்டியும் அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம். கடிதங்களையும் புகைப்படங்களையும் அவர் படிப்பதில்லை, பார்ப்பதில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ‘குடும்பத்துக்கு’ என்று எழுதிவிடுவார். மீதி எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு உண்டு. பாதி எரிந்த மெழுகுவர்த்திக்குக்கூட.

எங்கள் மேற்கு மிச்சிகனில் ஒருவர் இறந்துபோனாலோ, முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, ஊரைவிட்டே கிளம்பினாலோ, வீட்டுக்குள் இருக்கும் அத்தனையையும் விற்றுக் காலி செய்து தர ஓர் ஆள் வேண்டும். ஜீலண்டைச் சுற்றி நாலைந்து ஊர்களுக்கு அந்த ஆள் வெர்னா. வயது அறுபத்தாறு. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவர். அதனால் வரிசையில் நிற்கிற மனிதர்களைப் பார்த்து அவருக்குப் பயம் கிடையாது. விற்பனை மூன்று நாள். வியாழன் முழு விலை, வெள்ளி கால் பங்கு குறைவு, சனி பாதி விலை. ஞாயிறு தேவாலயம், அன்று வெர்னா ஒரு ஊசிகூட விற்கமாட்டார்.

ஏழு வருஷமாக வாசல் என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கே மடக்கு நாற்காலியும் காப்பிக் குவளையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் எண் கொடுப்பேன். ஒன்பது மணிக்கு முதல் இருபது எண்ணை உள்ளே விடுவேன். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே. கையில் எடுத்தது எடுத்தவருக்கு. தூக்க முடியாத சாமானில் சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்துக்கொண்டால் அது அவருக்கு. இவ்வளவுதான் சட்டம்.

பேரம் பேசுகிறவர்களுக்கு வெர்னாவிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. அவர் சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும்.

“இந்த விளக்க அஞ்சு டாலருக்குத் தருவீங்களா?”

“கையை நீட்டுங்க கண்ணு. மொதல்ல இதச் சப்பி முடிங்க. அப்புறமும் அஞ்சுதான் தோணுச்சுன்னா வாங்க, பேசலாம்.”

பாதிப் பேர் மிட்டாய் கரைவதற்குள் சீட்டில் உள்ள விலையையே கொடுத்துவிடுவார்கள். எண்பது வயதுக்காரரும் அவருக்குக் கண்ணுதான், விலைச்சீட்டை மாற்றி ஒட்டி மாட்டிக்கொண்டவனும் கண்ணுதான்.

வீட்டுக்காரர்களிடம் மட்டும் அவர் கறார். “பிடிச்சத செவ்வாக்கெழமைக்குள்ள எடுத்துக்குங்க. புதன்கெழம காலைல உள்ள இருக்கற எல்லாம் கடைச் சரக்கு. வியாழக்கெழம இந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது. வந்தா ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கதை சொல்லுவீங்க. ஒரு கரண்டியும் விக்காது.”

இந்த விதியை அவர் ஒரே ஒருமுறை தளர்த்தி நான் பார்த்தேன். போன ஏப்ரலில், அலைடா வியர்ஸ்மா வீட்டில்.

அலைடாவின் கணவர் ஹார்ம், அறைக்கலன் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர், இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அலைடா அரிசோனாவில் லைல் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரோடு சேர்ந்து வாழப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு எழுவத்தெட்டு, லைலுக்கு எண்பது. யோசிக்க எங்களுக்கு நேரமில்ல வெர்னா,” என்று சிரித்தார். இரண்டு பெட்டிகளோடு செவ்வாய்க்கிழமையே விமானம் ஏறிவிட்டார். அவருடைய ஒரே மகன் ராண்டல், பால் லாரி ஓட்டுகிறவர், ஐம்பத்தொரு வயது, சாமான் எடுக்க வரவில்லை. “அம்மா விக்கறத நான் வந்து வேற பாக்கணுமா?” என்று வெர்னாவிடம் போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். கிறிஸ்துமஸிலிருந்தே இருவருக்கும் பேச்சு இல்லை.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் வரிசையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சொந்தச் சாவியைப் போட்டு கராஜ் கதவைத் திறந்துகொண்டு நேராக நிலவறைக்கு இறங்கினார். அங்கேதான் ஹார்மின் தச்சுப் பட்டறை. நான் வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ராண்டல் இழைப்புளிகளிலும் உளிகளிலும் இருந்த விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சீட்டு.

ஒப்பந்தத்தில் அலைடாவின் கையெழுத்து இருக்கிறது. ஷெரீப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் அவரை வெளியேற்றிவிடலாம். வெர்னா போனை எடுக்கவில்லை. நடுப்படியில் உட்கார்ந்தார்.

“எல்லாம் எங்கப்பாவோடது,” என்றார் ராண்டல், திரும்பாமலே.

“ஆமா. பாத்தாலே தெரியுது. ஒண்ணுலகூட துரு இல்ல.”

“அவங்க அந்த ஆளோட போகட்டும். நான் ஒண்ணும் சொல்லல. இத எதுக்கு விக்கணும்?”

“உங்க வீட்டுல வைக்க எடம் இருக்கா கண்ணு?”

“ரெண்டு ரூம். மூணாவது மாடி.”

“அப்ப எங்க வைப்பீங்க?”

ராண்டல் ஓர் இழைப்புளியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “தெரியல,” என்றார் கடைசியில். அந்த ஒரு சொல்லில் அவர் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது.

ஒன்பதுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. வெர்னா எழுந்து தன் ஏப்ரனைக் கழற்றி, மாலை போடுவதுபோல அவர் தலைவழியாக மாட்டினார். “வெளிய எழுவது பேர் நிக்கறாங்க. நீங்க இங்கயே நில்லுங்க. யாராவது கேட்டா பதில் சொல்லுங்க. முறைக்க மட்டும் கூடாது. முறைச்சா நானே மேல கூட்டிட்டுப் போயிடுவேன்.” பிறகு குனிந்து சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். ராண்டலும் குனிந்தார். எந்தச் சீட்டு எந்த உளியில் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதல் எண் பர்ட்டுடையது. பழம்பொருள் வியாபாரி. கைவிளக்கோடு நேரே நிலவறைக்கு வந்தார், ஒரு சுற்றுப் பார்த்தார், மொத்தப் பட்டறைக்கும் ஒரு தொகை சொன்னார். நல்ல தொகைதான். வேறு நாளாக இருந்தால் வெர்னா அங்கேயே கைகுலுக்கியிருப்பார். திங்கட்கிழமை வீட்டை வாங்கிய புது ஆட்களிடம் அதை ஒப்படைக்க வேண்டும். விற்காததைத் தூக்கிப்போடுவது வெர்னாவின் செலவு.

அவர் ராண்டலை ஒருமுறை பார்த்தார். “ஒண்ணொண்ணா எடுத்துக்கறதுன்னா எடுங்க பர்ட். மொத்தமா இல்ல.”

“சனிக்கெழம சாயங்காலம் அந்தப் பெரிய மின்ரம்பத்தத் தூக்க ஆள் தேடுவீங்க. அப்ப என் போன் அணைஞ்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பர்ட் படி ஏறினார். தாழ்வாரத்தைத் தாண்டும்போது என்னிடம், “வெர்னாவுக்கு வயசாயிடுச்சு,” என்றார்.

பத்து மணிக்கு, வாசலில் வேறொருவரை நிறுத்திவிட்டு நான் நிலவறைக்கு இறங்கியிருந்தபோது, எஸ்தேபான் என்பவர் வந்தார். கூரை வேலை பார்க்கிறவர். தச்சு இப்போதுதான் கற்றுக்கொள்கிறாராம். ஓர் இழைப்புளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த அலகு ஏன் ஓரத்துல வளைஞ்சிருக்கு? தேஞ்சுபோச்சா?” என்று கேட்டார்.

ராண்டல் அவரை உற்றுப் பார்த்தார். முறைக்கிறாரோ என்று எனக்குப் பயம். பிறகு சொன்னார்: “தேயல. அப்பா வேணும்னே அப்படித் தீட்டுவாரு. மூலை நேரா இருந்தா பலகைல கோடு விழும்.”

“கோடா?”

“இருங்க, காட்டறேன்.”

மூலையில் கிடந்த ஒரு துண்டுப் பலகையைப் பட்டறை மேசையில் இறுக்கி, இழைப்புளியை வைத்துத் தள்ளினார். மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு எழுந்து, அவர் மணிக்கட்டைத் தொட்டுக் கீழே விழுந்தது. எஸ்தேபான் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கிட்ட குடுங்க,” என்றார். முதல் தள்ளலில் பலகை பிய்ந்தது. “அழுத்தாதீங்க. இடுப்புலேர்ந்து தள்ளுங்க,” என்றார் ராண்டல். நாலாவது தள்ளலில் சீவல் வந்தது. சுற்றி எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அடுத்தவர் ஒரு பெண்மணி, பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவர். “எனக்கும் ஒருவாட்டி,” என்றார்.

வெள்ளிக்கிழமையும் ராண்டல் வந்தார், லாரி முறையை மாற்றிக்கொண்டு. மதியம் யாரோ ஒரு மரச்சட்டத்தைக் காட்டி இது எதற்கு என்று கேட்க, அவருக்கு ஞாபகம் வரவில்லை. போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தார்.

“அம்மா, அப்பா முக்கோணமா ஒண்ணு வெச்சிருப்பாரே, கைப்பிடி போட்டு. அது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். “சரி. அவர் கிட்டயும் நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. ... ம், லைல் கிட்டதான்.” நாற்பது நிமிஷம் பேசினார். சட்டத்தைப் பற்றிக் கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டு, பதில் தெரியாமலே அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சனி இரண்டு மணிக்குப் பட்டறை கிட்டத்தட்டக் காலி. பெரிய மின்ரம்பம் மட்டும் அசையாமல் நின்றது. வெர்னா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “தப்புப் பண்ணிட்டேனோ?” என்று என்னிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. இரண்டேகாலுக்கு எஸ்தேபான் வந்தார். கூடவே இரண்டு மைத்துனர்களையும், ரம்பத்தை வண்டியில் சறுக்கி ஏற்ற ஒரு சாய்பலகையையும் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் பணம் போட்டு வாங்குகிறார்களாம். ராண்டல் நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தார். படியில் ஏறும்போது எஸ்தேபான், “அடுத்த சனிக்கெழம வீட்டுக்கு வாங்க. இத ஓட்டத் தெரிஞ்சவங்க எங்கள்ல யாருமில்ல,” என்றார். “எத்தன மணிக்கு?” என்றார் ராண்டல், மூச்சு வாங்கிக்கொண்டே.

மூன்று மணிக்கு வாசலில் இருந்த விற்பனைப் பலகையைக் கழற்றினோம். யாரும் வாங்காத ஒன்றே ஒன்று நிலவறையில் மிஞ்சியிருந்தது: சுவரில் பொருத்திய பலகை. எந்தக் கருவி எங்கே தொங்க வேண்டும் என்று ஹார்ம் அதில் ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு வண்ணத்தால் வரைந்துவைத்திருந்தார். இப்போது வெறும் உருவங்கள். ராண்டல் திருகுகளைக் கழற்றி அதை எடுத்துப் பிக்கப்பில் ஏற்றினார். ஏப்ரனை மடித்து வெர்னாவிடம் கொடுத்தார். வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டார். ஆனால் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி, திரை இல்லாத ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்.

வெர்னா தன் வேனின் சாவியை என் கையில் வைத்தார். பிக்கப்பைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். இருக்கையில் கிடந்த தினசரியைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். “எனக்குப் பசிக்குது கண்ணு,” என்று சொல்லி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.