ரத்தமில்லாத மல்லாட்டை

அம்சவள்ளிக்கு முப்பது வயது வரைக்கும் தனக்கென்று ஒரு வரப்பு கிடையாது. கிருமாம்பாக்கத்தில் எட்டு வயதில் களை பறிக்கக் குனிந்தவள், நிமிர்ந்ததும் கல்யாணம் ஆனதும் பிள்ளை பெற்றதும் அடுத்தவர் நிலத்து வேலைக்கு நடுவில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் நிலக்காரர் கண்ணையன் ஒரு காணியை அவளுக்கும் அவள் புருஷன் நடேசனுக்கும், விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு விட்டார். சும்மா விடவில்லை.

"மல்லாட்ட போடு. பங்குனி உத்திரம் கழிச்சி வந்து பாப்பேன். பயிரு நல்லா நின்னா நெலம் ஒங்கிட்ட இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

மல்லாட்டை என்றால் நிலக்கடலைதான். புதுச்சேரியில் கப்பலேறி பிரெஞ்சு தேசம் போகிற சரக்கு என்பதால் அன்று அதற்கு மவுசு அதிகம்.

நடேசனுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சூளையில் வேலை. சுண்ணாம்பு போட்டால் பருப்பு திரளும் என்று அந்தப் பக்கத்தில் விதைப்புக்கு முன் நாலு கூடை தூவுவார்கள். நடேசன் ஆசைக்காரன். பெண்டாட்டிக்கு முதன்முதலாகக் கிடைத்த நிலமாயிற்றே என்று, சூளையில் கழித்துப்போட்ட தூளை இரண்டு வண்டி கொண்டுவந்து கொட்டி, நிலத்துக்கே வெள்ளையடித்துவிட்டான். அவளும் தடுக்கவில்லை. நிலம் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு பேருக்குமே புத்தி மழுங்கிப்போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

முளைப்பு நன்றாகத்தான் வந்தது. இருபத்தைந்தாம் நாள் குருத்திலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, மீதியெல்லாம் வெளுப்பு. ஒரு வாரத்தில் காணி முழுக்கப் பரவியது. நாலு கூடை தூவிய பக்கத்துக் காணியோ பச்சையாகவே நின்றது. சாணம் கரைத்து ஊற்றிப் பார்த்தாள், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நிலம் கையை விட்டுப் போகப்போகிறது என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருந்தன. நல்ல மல்லாட்டையில் அந்த முடிச்சை நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கும். சிறுமியாய் இருந்தபோது அதை நசுக்கி நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு களை பறித்தவள் அவள். இப்போது நசுக்கினால் வெள்ளை. இன்னொன்றும் வெள்ளை. அந்தச் செடி முழுக்க ஒரு சிவப்பு முடிச்சு இல்லை.

அப்போது மருத்துவச்சி காசம்மாளின் நினைவு வந்தது. போன வருஷம் பிள்ளை பெற்ற பிறகு அம்சவள்ளிக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. காசம்மாள் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "இன்னாடி இது, ஒடம்புல பொட்டு ரத்தமில்ல" என்று சொல்லி, அன்னபேதி உப்பைப் புடம் போட்டெடுத்த சிவப்புத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். "இரும்புடி இது. இது சேந்தாத்தான் ரத்தம் ஊறும்." இரண்டு மாதத்தில் இமை சிவந்தது.

வெளுத்த இமைக்கு ஆன மருந்து வெளுத்த வேருக்கு ஆகாதா? மீதமிருந்த தூளைக் குடத்துத் தண்ணீரில் போட்டாள். அது கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. காசம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"யக்கா, பொடம் போடாத அன்னபேதி இருக்குதா?"

"பச்சையாத் தின்னா கொடலு வெந்துபூடும்டி."

"எனக்கில்லக்கா. மல்லாட்டைக்கு."

காசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே போய், பச்சை நிறத்தில் கற்கண்டு போல் இருந்த உப்பை ஒரு கொட்டாங்கச்சி நிறைய எடுத்து வந்தாள்.

இது கரைந்தது. அவசரத்தில் கெட்டியாகக் கரைத்துத் தெளித்ததில் முதல் வரிசை கருகிப்போனது. அம்சவள்ளி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் குடத்துக்கு ஒரு சின்னப் பிடி என்று குறைத்து, வைக்கோலை நனைத்து அடுத்த வரிசையின் இலைமேல் தெளித்தாள். ஆறாம் நாள் அந்த வரிசை மட்டும் பச்சைகட்டி நின்றது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நடேசன் வில்லியனூர் நாட்டு மருந்துக் கடைக்கு நடந்தே போய் உப்பு வாங்கி வந்தான். இருவருமாகக் காணி முழுக்க இரண்டு தடவை தெளித்தார்கள்.

காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்குவது அந்த முடிச்சுகள்தான். இரும்பு இல்லாமல் அந்த வேலை நடக்காது. முடிச்சுக்குள் இருக்கும் சிவப்பும் நம் ரத்தத்தைப் போல இரும்பு சேர்ந்த சிவப்புதான். சுண்ணாம்பு மிஞ்சினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. படித்தவர்களே அப்போதுதான் அந்தச் சிவப்பு இன்னதென்று கண்டுகொண்டிருந்த காலம் அது. அம்சவள்ளிக்கோ கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

உத்திரம் கழிந்து கண்ணையன் வந்தார். தனியாக வரவில்லை. பயிர் மஞ்சளடித்த செய்தி எப்போதோ காதுக்குப் போயிருந்ததால், நிலத்தை மாற்றிவிட பச்சையப்பன் என்கிற குடியானவரையும் கூடவே கூட்டி வந்திருந்தார். வரப்பில் நின்று காணியை ஒரு சுற்றுப் பார்த்த கண்ணையன், குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். காய் கொத்தாகத் தொங்கியது. நம்பாமல் ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் நசுக்கினார். நகமெல்லாம் சிவப்பு. அதைப் பச்சையப்பனிடம் காட்டினார்.

"நமக்கு இங்க வேல இல்லீங்க" என்றார் பச்சையப்பன்.

"இன்னாம்மா போட்ட?" என்றார் கண்ணையன்.

"ரத்தமில்லாம கெடந்துதுங்க ஐயா. எனக்குக் குடுத்த மருந்தையே அதுக்கும் குடுத்தேன்."

கண்ணையனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, "நெலம் ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர்கள் தலை மறைந்ததும் நடேசன் மெதுவாகக் கேட்டான். "அடுத்த போவத்துக்கு எத்தினி வண்டி சுண்ணாம்பு கொண்டார?"

"நாலு கூடை. அதுக்கு மேல கொண்டாந்தா ஒன்னத்தான் பொதைப்பேன் மாமா."

சொல்லிவிட்டு, கண்ணையன் போட்டுவிட்டுப் போன செடியை எடுத்து ஒரு முடிச்சை நசுக்கினாள். முப்பது வயதில், தன் நிலத்தில் நின்று, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள்.