‘ஸ்தோத்திரம் மட்டும்தான்’

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மைசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். மண்டி மொகல்லாவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் தனியாகக் குடியிருந்தேன். கல்யாணமாகி நாலே மாதத்தில் என் கணவர் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போய்விட்டார். முதலில் கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. எட்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்து நிற்பேன். அவர் என் வாசலைப் பார்க்காமலே போய்விடுவார்.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், “அவருக்கு வெளியூரில் உத்தியோகம்” என்றேன். காரணம் உண்டு. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வியாழக்கிழமை மாலைகளில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு அம்மாள் தன் கணவரின் குடியைப் பற்றிச் சொல்லி அழுதார். எல்லோரும் உருகி உருகி ஜெபித்தோம். கூட்டம் முடிந்து கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் அதே விஷயம் நாலு பேர் வாயில் அரைபட்டது. என் சங்கதி அந்த வாய்களில் விழக்கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாயில் வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவரும் தன் குறையைச் சொல்ல வேண்டும். அவருக்கு இடப்புறம் இருப்பவர் அதற்காக உரக்க ஜெபிக்க வேண்டும். என் முறை வரும்போதெல்லாம், “எனக்கு ஸ்தோத்திரம் மட்டும்தான்” என்று நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் மற்றவர்களுக்காக நான் ஜெபித்தால் கூட்டமே விம்மும். வேத வசனங்களைப் பூத்தொடுக்கிற மாதிரி தொடுப்பேன். அதனால் எனக்கு வலப்புறம் உட்காரப் பெண்களுக்குள் போட்டி. எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி முழங்காலிட்டால் ஒரு சொல்லும் வராது. கேட்க ஆளில்லாத இடத்தில் எனக்கு ஜெபிக்கவே தெரியவில்லை. அந்த அறையில் ஆண்டவரும் இல்லை, என் கணவரும் இல்லை, நானும் சுவரும்தான் என்று தோன்றும். எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஒரு பெண்ணும் கூட்டத்துக்கு வருவாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். எப்போதும் கதவோரமாக உட்கார்ந்து, நாலு வார்த்தை முணுமுணுத்து ஆமென் சொல்லிவிடுவாள். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் சட்டென்று என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் முறை வந்தது.

“எம் மவன் பட்டாளத்துல இருக்கான். ரெண்டு மாசமா கடுதாசி இல்ல. டீச்சரம்மா ஜெபிச்சா ஆண்டவர் கேப்பாரு. அதான் இங்க வந்து உக்காந்தேன்.”

சொன்னால் வெட்கம். எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு மாதத்துக்கே இப்படியா என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடி, “பரம பிதாவே” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அடுத்த சொல் வரவில்லை.  வட்டம் முழுவதும் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். எத்தனை வாரமாக இந்த இடத்துக்கு ஆசைப்பட்டாளோ, அவளுக்கு ஒரு வாக்கியம்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

அவள்தான் மெதுவாக என் கையைத் தொட்டாள். “ஏம்மா, உங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரா?”

தலையை ஆட்டினேன். “எட்டு மாசமாச்சு. ஒரு தகவலும் இல்ல” என்றேன்.

“ஹௌதா? நிஜமாவா டீச்சர்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று பாதிரியார் மனைவி பதறினார். ஆயா யாரையும் பார்க்கவில்லை. முறை மாறுகிறதே என்றும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே ஜெபித்தாள்.

“ஏசப்பா, இவங்க வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும். இவங்களுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. ஆமென்.”

எட்டு மாத அழுகையும் அந்தப் பாயில் கொட்டியது.

நான் பயந்ததும் நடந்தது. மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தி நான் கேட்கும்படியே ‘பாவம்’ என்றாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலை அறைக்கு வந்து முழங்காலிட்டபோது, “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த அறையில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

சில மாதங்களில் அவள் மகன் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அதே வாரம் என் கணவரைக் காணவில்லை என்று சர்க்கார் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் ஆயா தன் சந்தோஷத்தை என் முன்னால் மறைக்கப் பார்த்தாள். நானே அவள் மகனுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். வசனம் எதுவும் தொடுக்கவில்லை. குரல் உடைந்து, பாதியில் நின்று நின்றுதான் சொன்னேன்.

என் கணவர் கடைசிவரை வரவில்லை. தனிமையும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஆண்டவரிடம் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. நாலு வார்த்தைக்கு மேல் ஜெபிக்கத் தெரியாத ஒருத்தியிடம்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.