ராணியின் கப்பலைப்போல ஒரு வீடு

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரில், செவன் ஹில்ஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் அப்பா இரவு வேலை செய்தார். பகலில்தான் தூக்கம். தூக்கம் கெட்டால் மெஷினுக்குள் கை போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். இங்கிலாந்து ராணியின் சொந்தக் கப்பலில் மாலுமிகள் ரப்பர் செருப்போடு நடப்பார்கள், கட்டளைகள்கூடக் கைச்சைகையில்தான் என்று அம்மா எங்கோ வாசித்திருந்தார்.

"எங்கட வீடும் ராணியின்ர கப்பல்தான். கத்தினா இறக்கி விட்டிடுவன்!"

எங்கள் ஹோம்புஷ் பிளாட்டில் நானும் தங்கையும் காலுறையோடு வழுக்கி வழுக்கி நடந்தோம். பசிக்கு ஒரு சைகை, பொய்க்கு ஒரு சைகை, சண்டையும் கையால்தான். என்ன அழகான மொழி அது! நாற்பதைத் தாண்டிய இந்த வயதிலும் விரல்கள் அதற்கு ஏங்குகின்றன.

அந்தக் கப்பலுக்கு ஓய்வு கொடுத்த செய்தியையும் டிவியில் சத்தமில்லாமல்தான் பார்த்தோம். கரையில் நின்ற ராணி கண்ணைத் துடைத்தார். அப்போது அப்பா அறையிலிருந்து வந்தார். அம்மா பதறி எழுந்தார்.

"நித்திரை குழம்பிப்போச்சோ?"

"இல்லையப்பா, சந்தோசத்தில நித்திரை வரேல்லை. திங்களிலயிருந்து பகல் வேலை தந்திட்டாங்கள். இனிக் கத்துங்கோ, பிள்ளையள்!"

தங்கை டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அப்பா ஆசையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கோ கத்த ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா கையை அசைத்துத்தான் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.