ஓடிய தூரம்: பூஜ்ஜியம்

1. லைசென்ஸ் இருக்கா?

நாகர்கோவிலில் ஜப்பான் கார் ஷோரூம் ஒன்றில் நான் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

அதற்கு முன் பதினாறு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தேன். கார்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். எல்லாமே 'கட்டுப்பாட்டை இழந்த கார்' என்று தொடங்கும் செய்திகள். பத்திரிகை எங்கள் ஊர்ப் பதிப்பை நிறுத்தியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஷோரூம் மேனேஜர் ஜெபராஜ் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

"பேசத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அடுத்தவன் பேசுகதக் கேக்கத் தெரியுமா?"

"இவ்வளவு நாளும் அதுதான் சார் வேலை."

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு சார்."

இருந்தது. டூ வீலருக்கு. எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள்தான் மறுநாள் செய்தியில் வருவார்கள் என்பது என் அனுபவம். மூன்று மாத சோதனைக் காலத்துக்கு என்னை எடுத்துக்கொண்டார். அதற்குள் உண்மை தெரிந்தால் வேலை போகும். எனக்கு வேறு வேலை இல்லை.

2. இடது கதவு

கம்பெனி கொடுத்த பயிற்சிக் குறிப்பை நான் மனப்பாடம் செய்தேன். பிரேக், கிளட்ச் பற்றிய பக்கங்கள் புரியவில்லை. வரலாற்றுப் பக்கங்கள் புரிந்தன. இந்தக் கம்பெனி கார் செய்யப் பிறந்ததே இல்லை. முதலில் தறி செய்தார்கள். பிறகு சைக்கிளில் பொருத்துகிற சின்ன இன்ஜின். பிறகு பைக். கடைசியில்தான் கார். அதையும் சின்னதாக, கனமில்லாமல், சம்பளக்காரன் வாங்கும்படி செய்தார்கள்.

விற்பனை அறையில் வைத்திருந்த ஆளுயர பேனரில் 'ஓட்டும் இன்பம்' என்று எழுதியிருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னேன். கடலைப் பார்க்காதவன் கடலைப் பற்றிப் பாடம் நடத்துவது போலத்தான். டெஸ்ட் டிரைவ் கேட்டால், கேட் வரைக்கும்கூட நான் எடுப்பதில்லை. முற்றத்திலேயே சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இடது கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். ஓட்டுவதைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வேன் என்பதால் வழி முழுக்க வாயே திறக்க மாட்டேன்.

ஒரு நாள் மட்டும் சிக்கல் வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். பதினெட்டு வருடம் கல்ஃபில் டிரைவர். நான் சாவியைக் கொடுத்ததும் அவர் நேராக இடது கதவுக்கு வந்தார். நானும் இடது கதவில் நின்றேன். அவர் திறந்து உட்கார்ந்து, முன்னால் இருந்த டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார்.

"சாரே, ஸ்டியரிங்க எங்க கொண்டு வச்சிருக்கிய?"

அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நான் வலது பக்கத்தைக் காட்டினேன். "செரி, அப்ப நீங்களே எடுங்க சாரே, நான் இருந்துட்டேன் இல்லா" என்றார். "நீங்க எடுத்தாத்தான் சார் ஊர் ரோடு கைக்குப் பழகும்" என்று சொல்லி இறக்கினேன். பார்வதிபுரம் தாண்டி ஒரு வளைவில் அவர் மூன்றாவது கியரிலேயே வண்டியைத் திருப்பிவிட்டுத் தன்னால் சிரித்தார். திரும்பி வந்து இறங்கியதும், "கொள்ளாம், நல்ல வண்டி" என்றார். அன்றே புக் செய்தார்.

இப்படித்தான் எல்லாம் நடந்தது. புறப்படும் முன் மைலேஜ் கேட்பார்கள், ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். முக்குக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார் என்று முற்றத்திலேயே சொல்லிவிடுவேன். திரும்பி வரும்போது எதுவும் கேட்க மாட்டார்கள். முகம் மாறியிருக்கும். இரண்டு மாதம் முடிந்தபோது ஷோரூமில் அதிக வண்டி விற்றவன் நான்.

3. பின்சீட்டு

மூன்றாவது மாதம் தாணுலிங்கம் வந்தார். தோவாளையில் பூ மொத்த வியாபாரம். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிச்சிப்பூ. சிவப்பு வண்டியைக் காட்டி, "இதப் பாக்கணும்" என்றார்.

நான் வழக்கம்போல் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீரு எடும்வே. நான் பாக்கேன்."

"நீங்க எடுத்தாத்தான் அண்ணாச்சி தெரியும்."

"நீரு எடுத்தாத்தானவே எனக்குத் தெரியும்."

இப்படி நான்கு முறை சாவி போய் வந்தது. பிறகு அவர் பின் கதவைத் திறந்து, வாடகைக் காரில் ஏறிப் பழகியவர் போல, பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தேன். டிரைவர் சீட் காலி. சாவி என் மடியில்.

ஏதாவது பேசியாக வேண்டும். எனக்குத் தெரிந்தது வரலாறு. தறியில் ஆரம்பித்தேன். அந்தத் தறிக் கம்பெனிக்காரர்களில் ஒருவர் சைக்கிளில் மீன் பிடிக்கப் போவாராம். திரும்பி வரும்போது எதிர்காற்று. மிதிக்க முடியவில்லை. சைக்கிளுக்கே ஒரு இன்ஜின் வைத்தால் என்ன என்று தோன்றியதாம். அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். தாணுலிங்கம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

"எதிர்காத்தா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆரல்வாய்மொழிக் காத்துல பூக்கூடைய வச்சு சைக்கிள் மிதிச்சிருக்கேரா நீரு?"

"இல்ல."

"நான் பன்னெண்டு வருசம் மிதிச்சேன். ஆடி மாசம் முன்னால ஒரு அடி போனா பின்னால ரெண்டு அடி. கூடை பறந்து போயி ஒருநாள் வயக்காட்டுல கெடந்து பூவப் பொறுக்குனேன். எனக்கு இஞ்சின் வைக்கணும்னு தோணலயே. அந்த ஜப்பான்காரனுக்குத் தோணியிருக்கு பாரும்." பிச்சிப்பூவை எடுத்து முகர்ந்தார். "போதும். காத்துல மிதிச்சவன் செஞ்ச வண்டி. புக் பண்ணும்."

இருபது நிமிடம் வண்டி நின்ற இடத்தில் நின்றது. டெஸ்ட் டிரைவ் படிவத்தில் 'ஓடிய தூரம்' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய பழக்கம், பொய் எழுத வரவில்லை. பூஜ்ஜியம் என்று எழுதினேன்.

ஜெபராஜ் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடாமலே வித்தீரா?"

"அவரு பின்சீட்டத்தான் சார் பாக்க வந்தாரு."

4. நான்கு எலுமிச்சை

டெலிவரி அன்று தாணுலிங்கம் மனைவியோடு வந்தார். கூடவே ஒரு மாலை வந்தது. அவர் கடை ஆட்கள் கட்டியது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். போனட் முழுவதும் மூடி, கண்ணாடியில் பாதிவரை ஏறியது. நான்கு சக்கரத்தின் முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியேற வேண்டும். எங்களிடம் அந்த வேலைக்கென்றே செல்லப்பன் என்ற டிரைவர் இருந்தார். அவர் சாவிக்குக் கை நீட்டினார்.

தாணுலிங்கம் தடுத்தார். "வித்தவருதான் எடுக்கணும். எனக்க கடையில மொத முழம் நான் அளந்து குடுத்தாத்தான் அன்னைக்கு யாவாரம். வேற கை படப்பிடாது. அதுபோலத்தான் இதுவும்."

"செல்லப்பண்ணன் நல்லா எடுப்பாரு அண்ணாச்சி."

"அவரா வித்தாரு?"

மாலையால் முன்னால் தெரியவில்லை என்றேன். மாலையைக் கண்ணாடியிலிருந்து கீழே இறக்கினார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றேன். நாங்கள் நின்றது விற்பனை அறையில், கூரைக்குக் கீழே. ஜெபராஜ், "எடும் ஓய், நல்ல நேரம் போவுது" என்றார்.

முதன்முறையாக வலது கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் செய்வதை இரண்டு மாதம் பார்த்திருக்கிறேன். கிளட்ச், கியர், சாவி. இன்ஜின் உயிர் பெற்றது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். ஒரேயடியாக எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது.

வண்டி தவளை போல் ஒரு தாவு தாவியது. நான்கு எலுமிச்சையும் நசுங்கின. 'ஓட்டும் இன்பம்' பேனர் போனட்டின் மேல் சரிந்தது. இன்ஜின் அணைந்தது. கட்டுப்பாட்டை இழந்த கார் நான்கு அடி ஓடி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. தோவாளை மாலை தாங்கிக்கொண்டதால் போனட்டில் கீறலும் இல்லை.

நான் இறங்கினேன். "எனக்கு ஓட்டத் தெரியாது சார்" என்றேன்.

"லைசென்ஸ் இருக்குன்னு சொன்னீரு?"

"டூ வீலருக்கு சார். எதுக்குன்னு நீங்க கேக்கல்ல."

ஜெபராஜ் பேனரை நிமிர்த்தி வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "நாளைக்கு வரண்டாம்" என்றார், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

தாணுலிங்கத்துக்குக் கேட்டது. பூ ஏலத்தில் முப்பது வருடம் நின்ற காது.

"என்னவே, எனக்க காரியம் முடிஞ்சப்புறம் அவரை அனுப்பும். எனக்கும் ஓட்டத் தெரியாது."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் மனைவிதான் முதலில் பேசினார். "அப்ப இவ்வளவு நாளும் எனக்க மேல சத்தியம் பண்ணி டெஸ்ட் டிரைவ் பாத்தேன்னு சொன்னது?"

"பாத்தேன்னுதான் சொன்னேன். ஓட்டுனேன்னா சொன்னேன்?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே வாத்தியார் போலிருந்தது.

விஷயம் இதுதான். டிரைவிங் ஸ்கூல் காரில், கூரையில் பலகையோடு, பூச்சந்தை வழியாக உருண்டு போனால் சந்தையே சிரிக்கும். அதனால் சொந்தமாக வாங்கியே படிப்பது என்று முடிவு செய்திருக்கிறார். "இவரும் படிக்கட்டும், நானும் படிக்கேன். செல்லப்பன் சொல்லித் தரட்டும். இவரை அனுப்புனா வண்டியும் இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

மாலை போட்டு, பழம் நசுங்கிய வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த மேனேஜருக்கும் மனம் வராது. "ரெண்டு மாசம்" என்றார் ஜெபராஜ் என்னிடம். "கார் லைசென்ஸ் மேசையில இருக்கணும். இல்லேன்னா நீரு இருக்கப்பிடாது."

5. L போர்டு

காலை ஏலம் முடிந்த பிறகு, தோவாளை வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் பயிற்சி. தாணுலிங்கம் முன்னும் பின்னும் ஒட்டிய L எழுத்தை மறைத்து ஒரு முழம் பிச்சி தொங்கவிட்டார். செல்லப்பன் அதைக் கழற்றுவார், அவர் திரும்பத் தொங்கவிடுவார்.

ஒரு வாரம் வண்டி தவளையாகவே இருந்தது. பத்தாவது நாளோ என்னவோ, மூன்றாவது கியர் விழுந்தபோது காலுக்கு வித்தை பிடிபட்டது. மலைக் கணவாயிலிருந்து காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஸ்டியரிங்கை இம்மி திருப்பினேன், வண்டி இம்மி திரும்பியது. வளைவு வந்தது. பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினேன். வண்டி வளைவோடு போனது.

"பல்ல மூடும். ரோட்டப் பாரும்" என்றார் செல்லப்பன். நான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து தாணுலிங்கம், "எனக்க முறை வந்தாச்சு, எறங்கும்" என்றார். பேனரில் இருந்தது பொய்யில்லை.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது லைசென்ஸை மேசையில் வைத்தேன். ஜெபராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்து, கார் என்று எழுதியிருப்பதை உறுதி செய்துகொண்டார். வேலை நிலைத்தது.

6. மறுபடி இடது கதவு

அந்த மாதம் என் விற்பனை பாதியானது. அடுத்த மாதம் அதற்கும் கீழே.

காரணம் எனக்குப் புரியவில்லை. முன்பைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தேன். டெஸ்ட் டிரைவில் முதல் ஐந்து கிலோமீட்டர் நானே ஓட்டிக் காட்டினேன். கியர் எங்கே மாற்ற வேண்டும், வளைவை எப்படி எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தென்னை மரங்களைப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

"லைசென்ஸ் இல்லாத காலத்துல நீரு கெட்டிக்காரன்" என்றார் ஜெபராஜ். "திரும்பக் குடுத்திரலாமா?"

ஒரு நாள் தாணுலிங்கம் சிவப்பு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பூ எதுவும் தொங்கவில்லை. கூடவே கொட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மைத்துனர். அவருக்கும் ஒரு வண்டி வேண்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டு வலது கதவைத் திறந்தேன்.

"எங்கவே போறீரு?" என்றார் தாணுலிங்கம்.

"ஓட்டிக் காட்டுகேன் அண்ணாச்சி."

"நீரு ஓட்டுனா சொகம் உமக்குத்தானவே. வாங்கப் போறது அவன். அந்தப் பக்கம் போவும்."

நான் சாவியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றி நடந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. பார்வதிபுரம் வளைவில் மைத்துனர் தன்னால் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் அந்த ஷோரூமில் வலது கதவைத் திறக்கவில்லை.