லெவல் கிராசிங்கின் கடைசி இரண்டு நிமிடம்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே பிளஸ்ஸியின் ரெக்கார்டிங் அறை இருக்கிறது. அந்த மாடிப்படி ஏறி வருபவர்களில் பாதிப் பேருக்குப் பாட வராது. போதகரின் மைத்துனர் வருவார். கல்யாண வீடியோவுக்குச் சொந்தக் குரல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மாப்பிள்ளை வருவார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் முருகன் பாட்டுகளோடு வருவார். எல்லோரையும் பாடவைத்து, "நல்லா வந்திருக்கு சார்" என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வாள். கணினித் திரையில் அவர்களுடைய குரலைத் திறந்து, இறங்கிய சுருதியைத் தூக்குவாள். பிந்திய தாளத்தை முன்னே நகர்த்துவாள். மறுவாரம் வந்து கேட்பவர்கள் தங்கள் குரலில் தாங்களே சொக்கிப்போவார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. இரும்புலியூரில் மைக் செட் கடை வைத்திருந்த அப்பா அந்தோணிசாமி, ஒலிபெருக்கி கரகரத்தால் ஒரு திருகு திருகிச் சரிசெய்வார். தானும் அதையேதான் செய்வதாக பிளஸ்ஸி நினைத்துக்கொண்டிருந்தாள்.

'ஏழரை' இசைக்குழுவை அவள் வாடிக்கையாளர்களோடு சேர்ப்பதில்லை. கிதார் வாசிக்கும் கேஷவ் சேலையூர்க்காரன், சாப்ட்வேர் வேலை, பாட்டுகளை எழுதுபவன் அவன். டிரம்ஸ் வாசிக்கும் ஆல்வின், மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவன். வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். பிளஸ்ஸியும் அவனும் ஒரே சர்ச்சில் வளர்ந்தவர்கள். கிறிஸ்துமஸ் பஜனையில் அவன் டிரம் அடித்துக்கொண்டு போனால், முன்னால் பெட்ரோமாக்ஸ் பிடித்துப் போவது அவள்.

இவர்கள் வாசிப்பது புராக்ரசிவ் மெட்டல். உறுமும் குரல், இரைச்சல் கிதார், அதற்குள் ஐந்து எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை என்று மாறிக்கொண்டே போகும் தாளம். பிளஸ்ஸியின் அம்மாவைக் கேட்டால், "மிக்ஸில கல்லப் போட்டு ஓட்ன மாதிரி" என்பார்.

புது ஆல்பத்துக்கு 'கூட்டு ரோடு' என்று பெயர். பெயருக்கு ஏற்ப எல்லா இசையும் வந்து சேரும் ஆல்பம். அதில் 'லெவல் கிராசிங்' என்ற பாட்டுதான் பெரியது. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது காதில் விழுவதெல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. ஆட்டோவிலிருந்து கானா, அந்தப் பக்கம் ஊர்வலத்தின் நாகஸ்வரம், சர்ச் ஒலிபெருக்கியில் பெண்களின் கோரஸ். கடைசி இரண்டு நிமிடம் ரயில். அந்த ரயிலை ஆல்வின் தன் இரண்டு கால்களால் ஓட்ட வேண்டும். டபுள் பெடல் என்பது ஒரே பெரிய டிரம்மை இரண்டு பாதங்களும் மாற்றி மாற்றி அடிக்கும் ஏற்பாடு. எக்ஸ்பிரஸ் ரயில் கடந்து போகிற மாதிரி, விக்கல் இல்லாமல் கேட்க வேண்டும்.

அன்று ஆல்வின் ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு நேராக வந்திருந்தான். ஐந்தும் ஏழும் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. ரயில் வந்ததும் கால் தாளத்துக்குப் பிந்தி இழுத்தது. மறுபடி வாசித்தான், மறுபடியும் இழுத்தது.

"நிறுத்து பிளஸ்ஸி. நின்னு நின்னு கால் மரத்துப்போயி கீது. ஞாயித்துக்கெழம வந்து ஃப்ரெஷ்ஷா வாசிச்சிடறேன். அதுக்குள்ள நீ அது மேல கை வெக்காத."

"நான் எதுக்குடா கை வெக்கறேன்?"

"உன்னத் தெரியாதா? அந்த பேங்க் மேனேஜருக்கு பண்ண மாரி எனக்கும் இஸ்திரி போட்டுடுவ. கேக்கறவன் என் கால கேக்கணும்."

"சரி போடா, வெக்கல."

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். வெளியீட்டுத் தேதியை கேஷவ் ஏற்கெனவே அறிவித்துவிட்டான். ஆல்பத்தை இறுதி செய்பவர் கொச்சியில் காத்திருந்தார். திரையில் ஒவ்வொரு அடியும் ஒரு கூர்முனையாகத் தெரிந்தது. பின்னால் தாளத்தின் கோடுகள். ஓர் அடி கோட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. பிளஸ்ஸி அதை மட்டும் இழுத்துக் கோட்டில் வைத்தாள். அதைச் சரிசெய்ததும் அடுத்தது கோணலாகத் தெரிந்தது. சாயங்கால டீ வருவதற்குள் இரண்டு நிமிட ரயிலும் கோட்டில் நின்றது. சோர்ந்து விழுந்த அடிகளின் மேல் வேறொரு டிரம்மின் சத்தத்தையும் ஒட்டியாயிற்று. அப்போது அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வேலை நன்றாக வந்திருந்தது.

உறுத்தியது ஆல்வின் கேஷவோடு வந்து கேட்டபோதுதான். ரயில் கடந்து முடிந்ததும் அவன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், இது நானாடா? அன்னிக்கு இழுக்குதுன்னு நெனச்சேனே?"

கேஷவ் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். ஆல்வின் திரும்பி பிளஸ்ஸியைப் பார்த்தான். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்.

"நீதான்டா. வேற யாரு?" என்றாள்.

அவன் நம்பினான். கை வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள், அவனுக்கு அது போதும்.

ஆல்பம் வெளியானது. அந்தச் சிறிய மெட்டல் உலகத்தில் 'லெவல் கிராசிங்' பெரிய பேச்சாகிவிட்டது. புனேயிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் பின்னூட்டம் போட்டார்கள். 'இந்த டிரம்மர் மனுஷனா, மெஷினா?' என்று ஒருவர் எழுதியிருந்ததை ஆல்வின் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான், கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பதிலுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அவள் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பல்லாவரத்தில் வெளியீட்டுக் கச்சேரி என்று முடிவானது. சில வாரம் கழித்து ஆல்வினின் மனைவி ஏஞ்சல் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் பேசறது அவருக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா சோறு கூட துன்றதில்ல. அந்தப் பெடலப் போட்டு மிதிச்சிகினே கீறாரு. கால் போச்சு, கால் போச்சுன்றாரு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"தாம்பரத்துல எலும்பு டாக்டர்கிட்ட போனோம். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் கீதுன்னாரு. இவரு நம்புனாத்தான? 'அந்த டாக்டரு டபுள் பெடல் வாசிப்பாரா, அவருக்கு இன்னா தெரியும்'ன்றாரு. முட்டிக்கு உறை மாட்டிகினு சுத்தறாருக்கா. முகமே செத்துப்போச்சு. நீங்க சொன்னா கேப்பாரு."

"சரிம்மா, பேசறேன்" என்று பிளஸ்ஸி போனை வைத்தாள்.

சேலையூரில் கேஷவின் மொட்டைமாடி அறையில் ஒத்திகை. பிளஸ்ஸியும் போயிருந்தாள். கச்சேரியன்று மிக்சர் பலகையில் உட்கார்ந்து ஒலியைக் கட்டுப்படுத்துவது அவள் பொறுப்பு. கானா போயிற்று, நாகஸ்வரம் போயிற்று, கோரஸ் போயிற்று. ரயில் வந்ததும் ஆல்வின் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு குச்சிகளை மடியில் வைத்துவிட்டான்.

"வேற ஆளப் பாத்துக்க மச்சான்."

"ஏய், லூசு மாதிரி பேசாத. இன்னொரு டேக் போலாம்."

"நானே வாசிச்சத என்னாலயே வாசிக்க முடியல. அதுக்கு இன்னா அர்த்தம்? முடிஞ்சிச்சின்னு அர்த்தம். அதான் கடைசி ரயிலு போல." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பெடலைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

படியில் பிளஸ்ஸி கேஷவை நிறுத்தினாள். "அந்த ரெண்டு நிமிஷம் அவன் இல்ல கேஷவ். நான் எடிட் பண்ணது."

கேஷவ் சுவரைப் பார்த்தான். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கேட்ட அன்னிக்கே. நான் கேக்கல, நீ சொல்லல. பாட்டு நல்லா வந்துது, விட்டுட்டேன். இப்போ சொல்லாத ப்ளீஸ். ஷோ முடியட்டும். வேளச்சேரில ஒரு டிரம்மர் இருக்கான், பேசி வெச்சிருக்கேன்."

"அவனுக்கு வருமா அது?"

"வராது. மனுஷன் யாருக்கும் வராது."

அவன் அதை இயல்பாகச் சொன்னான். பிளஸ்ஸிக்கு அந்த முட்டி உறை நினைவுக்கு வந்தது. அதை மாட்டிவிட்டவள் தான்தான் என்று தோன்றியது. நல்ல கால்களுக்கு நோய் கொடுத்துவிட்டு, மருந்தையும் தன் கணினியிலேயே பூட்டி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆல்வினை அறைக்கு வரச் சொன்னாள். வந்தான். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "இதக் கேளு" என்று அவன் வாசித்ததை, அவள் கை படுவதற்கு முன்பு இருந்தபடியே போட்டாள்.

ரயில் வந்தது. இழுத்தது, சமாளித்தது, மறுபடி இழுத்தது. ஆல்வினின் பாதங்கள் நாற்காலிக்கடியில் கூடவே அசைந்தன.

"இது எது?"

"நீ வாசிச்சது. ஆல்பத்துல கீறது நான் கோட்டுல இழுத்து வெச்சது. உன் கால் எங்கயும் போவல ஆல்வின். அந்த மாரி நீ எப்பயும் வாசிக்கல."

அவன் முதலில் சிரித்தான். நிஜமான சிரிப்பு. "அப்ப கால் நல்லாத்தான் கீதா?" பேண்ட்டைச் சுருட்டி முட்டி உறையை உருவி மேஜைமேல் எறிந்தான். "ஏஞ்சல் கேட்டா என்ன அடிக்கப்போறா. அந்த டாக்டரப் போயி கண்டபடி பேசிட்டேனே!"

பிளஸ்ஸியும் சிரித்தாள். அது தப்பாகிவிட்டது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இங்கதான உக்காந்து கேட்டேன், நானான்னு?"

"ஆமா."

"நீ இன்னா சொன்ன?"

பிளஸ்ஸி திரையில் இருந்த ரயிலை மூடினாள்.

"நீ கோட்டுல இழுத்து வெச்சதுகூட பரவால்ல, பிளஸ்ஸி. அவசரம், பண்ணிட்ட. போன்ல ஒரு வார்த்த திட்டியிருப்பேன், அவ்ளோதான். ஆனா நான் வாய் வுட்டு கேட்டேன். அந்த மேனேஜர் சார் உன்ன கேக்க மாட்டாரு. அவருக்கு இஷ்டம், போட்டுக்கறாரு. நான் கேட்டேன்." எழுந்தான். "தெனம் வூட்ல உக்காந்துகினு, எனக்கு வயசாயிடிச்சி, இனிமே இது இல்லன்னு என்னையே நான் சமாதானம் பண்ணிகினு இருந்தேன். ஏஞ்சல் அழுதா."

"மன்னிச்சிடு ஆல்வின். ஊருக்கெல்லாம் சொல்லிடறேன். போஸ்ட் போட்டு..."

"எத வேணா போடு. கச்சேரில நான் வாசிக்கறேன், என் ஸ்பீடுல. ஆனா அன்னிக்கு மிக்சர்ல நீ உக்காராத."

முட்டி உறையை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டான்.

அன்றே அவள் இசைக்குழுவின் பக்கத்தில் எழுதினாள்: கடைசி இரண்டு நிமிட டிரம்ஸ் திருத்தப்பட்டது, ஆல்வினைக் கேட்காமல் திருத்தியது பிளஸ்ஸி. சிலர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. 'எல்லாரும் பண்றதுதான் அக்கா' என்றார் ஒருவர். திட்டு வாங்கியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பல்லாவரத்துக் கல்யாண மண்டபத்தில் முதல்நாள் மணமக்கள் பெயர் ஒட்டிய வளைவை இன்னும் பிரிக்கவில்லை. அதன் கீழே கறுப்பு டி-ஷர்ட் கூட்டம் குதித்தது. மிக்சரில் கேஷவின் அலுவலக நண்பன் உட்கார்ந்திருந்தான். பிளஸ்ஸி டிக்கெட் எடுத்துக்கொண்டு, சுவரோரம் நின்றாள். இத்தனை வருடத்தில் ஒரு கச்சேரியை வெறுங்கையோடு நின்று கேட்டதில்லை.

'லெவல் கிராசிங்' வந்தது. கானாவுக்கு மண்டபமே கூடப் பாடியது. ரயில் வந்ததும் ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். ஆல்பத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினான். நடுவில் இழுத்தது.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் அவள் காதருகே கத்தினாள். "அக்கா, ஆல்பத்துல இதைவிட ஸ்பீடா இருக்கும்ல?"

"ஆல்பத்துல இருக்கறது அவர் இல்லம்மா. நான் கம்ப்யூட்டர்ல பண்ணது."

அந்தப் பெண் அவளுடைய காட்டன் சுடிதாரையும் தோளில் தொங்கிய சாப்பாட்டுக் கூடையையும் பார்த்தாள். "செம காமெடிக்கா நீங்க!" என்று சொல்லிவிட்டு, மேடைப் பக்கம் திரும்பிக் குதிக்கத் தொடங்கினாள்.

மேடையில் ஓர் அடி தாமதமாக விழுந்தது. பிளஸ்ஸியின் வலது ஆள்காட்டி விரல், திரையில் அதைக் கோட்டுக்கு இழுப்பதுபோல், தானாக இடப்பக்கம் நகர்ந்தது. அடுத்த அடிக்கும் நகர்ந்தது. அவள் அந்த விரலை மற்றொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரயில் முழுவதும் போகும்வரை நின்றாள்.