தமிழ்ச் சீட்டில் தெலுங்கு வரி

நெல் ஆராய்ச்சியில் கணக்கெடுக்கிறவனுக்கு விரல் இருந்தால் போதும், வாய் வேண்டாம் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன். வயலில் குனிந்தே முதுகு போன உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

நாடி பார்த்தது

திருப்பதிப் பண்ணையிலிருந்து நான்கு நெல் ரகங்களைக் கொண்டுவந்து, நாராயணவனம் பக்கம் முனுசாமியின் வயலில் நட்டிருந்தோம். ரேஷனில், கப்பலில் வந்த வெளிநாட்டுக் கோதுமைக்கு வரிசையில் நின்ற காலம். குறைந்த தண்ணீரில் விளையும் நெல் ஒன்று கிடைத்தால், ஏரி நிரம்பாத வருஷத்திலும் வீட்டில் உலை வைக்கலாம். எங்கள் ஆசையெல்லாம் அந்த நான்கில், பண்ணையில் ஏழாம் நம்பர் போட்டிருந்த ரகத்தின் மேல். ஒரே வயலில் மூன்று பருவம் விளைச்சலை அளந்து காட்டினால்தான் விதையை ஊருக்குக் கொடுப்பார்கள். இரண்டு முடிந்திருந்தது.

ஒவ்வொரு நாற்றுக் குத்திலும் எத்தனை தூர், அதாவது கிளைத்தண்டு, வெடித்திருக்கிறது என்று எண்ணுவது என் வேலை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும். வரிசையின் தலையிலிருந்து மறுபடி தொடங்குவேன். மூன்றாம் தடவை தொடங்கியபோது, களை பறித்துக்கொண்டிருந்த முனுசாமியின் மனைவி கண்ணம்மா அவரிடம் சொன்னாள்: "சாரு நெல்லுக்கு நாடி பாத்துக்கினு கீறாரு. ஜுரம் எவ்ளோன்னு கேளு."

எந்தப் பக்கம்?

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகாத நாட்கள். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டால், ஆந்திராவில் இருக்கிற எங்கள் பண்ணைக்கு வயல் ஆகாது. மூன்றாம் பருவம் அரைகுறையாக நின்றுவிடும். புத்தூரில் தங்கி, தினமும் சைக்கிளில் வந்து, ரக நம்பர் எழுதிய குச்சிகள் நட்ட இடத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன்.

முனுசாமிக்கு அது வேடிக்கை. "கோடு எங்க வேணா போட்டுக்கட்டும் சாரு. வாய்க்கா தண்ணி எந்த பாஷ பேசிக்கினு வருதுன்னு எவன் கேட்டான்?"

சீட்டு

கதிர் முற்றியது. எங்கள் பண்ணை ஆபீசர் குண்டூர்க்காரர். நெல்லுக்குத் தெலுங்கில் வரி. பண்ணையில் நாங்கள் எல்லோருமே வரி, வரி என்றுதான் பேசுவோம். என் காதுக்கு அது வேறு பாஷையாகவே படாமல் போயிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று விவசாயியிடம் சொல்லிவிடு என்றார் ஆபீசர். போனேன். வீடு நிறைய விருந்தாளிகள். அத்தனை பேர் முன்னால் பேச முடியாமல், ஒரு சீட்டு எழுதினேன்: "வெள்ளிக்கிழமை வரி கணக்கு எடுக்க வருகிறோம். ஆபீசரும் வருகிறார். வீட்டில் இருக்கவும்." பிழை இருக்கிறதா என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். இல்லை. கதவிடுக்கில் செருகிவிட்டு, தராசும் சாக்கும் எடுக்கத் திருப்பதிக்குப் போய், வெள்ளிக்கிழமை வரை அங்கேயே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனால் வயலில் வெறும் அடித்தாள். நம்பர் குச்சிகள் வரப்பில் சாய்ந்து கிடந்தன. விளைச்சலைக் கண்ணால் பார்த்தால் வரியை ஏற்றிவிடுவார்கள் என்று, நான்கு ரகத்தையும் அறுத்து, அடித்து, ஒரே குதிரில் கொட்டிவிட்டிருந்தார் முனுசாமி. "வரி ஏதய்யா?" என்று ஆபீசர் தெலுங்கில் கேட்டதுதான் தாமதம், முனுசாமியின் முகம் மாறியது; அந்தப் பாஷை அவருக்கும் தெரியும். மடியிலிருந்த சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்: "சீட்டு தமிழ்லதான கீது? வரி மட்டும் எப்படி சாரு தெலுங்கா பூட்ச்சு?"

வாசலில் நின்றது

நான்கும் கலந்துவிட்டதால் இந்தப் பருவம் கணக்கில் சேராது, அதே வயலில் இன்னொன்று வேண்டும் என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். முனுசாமி மறுத்தால் வேறு வயலில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான் அடித்தாளுக்கு நடுவே குனிந்து தூர்களை எண்ணினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பிறகு அவர்கள் வாசலில் போய் நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை. கை தானாகச் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தது. கண்ணம்மா பார்த்துவிட்டாள். "நெலம் தரோம். தண்ணி இல்லாமயும் ஏழாம் நம்பரு நின்னுச்சே, நாங்க பாக்கலியா? ஆனா காயிதத்த உள்ள வெச்சிட்டு வாயத் தொற சாரு."

மூன்று பருவத்திலும் ஒரு தூர்கூட எண்ணத் தவறாத நான், இரண்டே எழுத்தில் தவறி நான்காம் பருவத்துக்குக் குனிந்தேன்.